மூச்சை இழுத்துப் பிடிங்க

ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு சந்து, இரண்டாவது மாடி.
படியெங்கும் பழைய ஆல்பம் அட்டைகள்.
யாரோ ஒரு மணப்பெண் பாதி முகம் கிழிந்து
மீட்டர் பெட்டியில் சாய்ந்திருந்தாள்.

சோலைராசு கேமராவைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார்.
குளிப்பாட்டிய குழந்தையைப் போல என்று எழுதலாம்;
உண்மையில் ரசம் சிந்தும் தூக்குவாளியைப் போலத்தான்.
"பதினாலாயிரம் மேடம். பேட்டரி ரெண்டு. பை சும்மா தர்றேன்."

பிளாஷ் மாட்டும் தடத்தில்
போன ஆயுதபூசைச் சந்தனம் காய்ந்து கிடந்தது.
நகத்தால் சுரண்டப் போனவர்
பாதியில் விட்டுவிட்டார்.

எத்தனை கிளிக் ஓடியிருக்கு என்றேன்,
ராத்திரி வீடியோவில் படித்ததை ஒப்பிக்கும் குரலில்.
அறுபத்தோராயிரத்து நானூற்றுச் சொச்சம்.
வண்டிக்குக் கிலோமீட்டர் கேட்பதுபோலக் கேட்டுவிட்டேன்,
அவர் வேறெங்கோ போய்விட்டார்:
"காதுகுத்துல அழுத புள்ளைக
இப்ப அஞ்சாப்புப் படிக்குதுக."

நான் சிம்மக்கல் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள்.
ஒரு நாளைக்கு நாற்பது மார்பு,
பத்துப் பன்னிரண்டு முழங்கால்.
இதுவரை ஒரு முகமும் என் படத்தில் விழுந்ததில்லை.

லென்ஸைக் கழற்றி
செல்போன் வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தேன்.
உள்ளே, ஓரமாக, ஒரு பூஞ்சை இழை.
சளி கட்டிய நெஞ்சில் வேர்விடுமே, அதே வெள்ளை.
வலது மேல்பக்கம் ஒரு நிழல் தெரியுது என்று
வாய் தானாகச் சொல்லிவிட்டது.
சோலைராசு கைகட்டி நின்றார்,
ரிப்போர்ட் வாங்க வந்தவர்கள் நிற்பார்களே, அப்படி.
"மோசமா மேடம்?"
"பரவலை. ஆரம்பம்தான்."
ஆயிரத்தைந்நூறு குறைந்தது.

மீதியை எண்ணிக் கொடுத்தேன்.
பதினோரு மாத நைட் டியூட்டி
அவர் சட்டைப் பைக்குள் மடங்கிப் போனது.

யானைக்கல் பாலத்துக்குக் கீழே
வைகை மணலில் முதல் படம்: வெள்ளைத் தாள்.
இரண்டாவது கறுப்பு.
மூன்றாவதில் ஓர் எருமை,
அல்லது எருமை நின்ற இடத்தின் நடுக்கம்.
எலும்புக்கு எவ்வளவு, தசைக்கு எவ்வளவு என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
சாயங்காலத்துக்கு எவ்வளவு என்று
எந்தச் சுவரிலும் ஒட்டி வைத்திருக்கவில்லை.

எருமைக்குப் பின்னால் வந்த பையன் கேட்டான்:
"டிவியில வருமாக்கா?"
வராது என்றேன். இருந்தும் வந்து நின்றான்.
விரல் பொத்தானைத் தொட்டதும்
பழக்கம் பேசியது:
மூச்சை இழுங்க. பிடிங்க. விடாதீங்க.

பிடித்தான்.
கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்க,
பின்னால் பாலத்தில் பஸ் ஒன்று போய்க்கொண்டிருக்க,
அதற்கும் மேலே வானத்தில் ஒரு புள்ளி.
பருந்து என்று நினைத்தேன்.
அடுத்த படத்திலும் அதே இடத்தில் நின்றது.
அதற்கடுத்ததிலும்.

சென்சாரில் உட்கார்ந்த தூசி.
என் வெளிச்சத்துக்குத் தப்பிவிட்டது.
சோலைராசுக்குத் தெரிந்திருக்கும்.
எத்தனை பந்தலுக்கு மேல் பறந்த பருந்தோ அது.

பையன் எப்போதோ மூச்சை விட்டிருந்தான்.
நான்தான் விடவில்லை.

மறுநாள் காலை ஏழரை. முதல் ஆள் மேலூர்க்காரர்.
சட்டையைக் கழற்றிவிட்டு
பலகையை நெஞ்சோடு அணைத்து நின்றார்.
முதுகில் வெளிச்சக் கட்டம் விழுந்தது,
நடுவே சிலுவையாக ஒரு நிழல்.
ஐந்து வருடமாக அது எனக்கு அளவுகோல்.
இன்று
இடது தோள்பட்டைக் குழியில் மஞ்சளாகத் தேங்கி
ஒரு பழைய தழும்பின் மேட்டில் ஏறி
இறங்கிப் போனது.

மூச்சை இழுத்துப் பிடிங்க என்றேன்.
என்றுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

"முடியலை தாயி, விட்டுட்டேன்,"
சுவரைப் பார்த்தபடியே சொன்னார் அவர்,
"இன்னொருக்கா பிடிக்கவா?"